செபிக்கும் மாலை வேறு, அணியும் மாலை வேறு: உருத்திராக்கம் எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கச்சான் பொதியோடும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களோடும் ஓர் உருத்திராக்க மாலையையும் வாங்கி வருவது மட்டக்களப்பில் வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் எழும். இதைக் கழுத்தில் போடுவதா, கையில் வைத்து உருட்டுவதா? மீன் சமைக்கிற வீட்டில் வைத்திருக்கலாமா? பெண்கள் தொடலாமா? கேட்க ஆள் கிடைக்காமல், பல மாலைகள் சுவாமி அறையில் ஒரு படத்துக்குச் சாத்தப்பட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விடயம். செபமாலை உருட்டுவதற்கென்றே கோக்கப்பட்டது. அதை உருட்டத் தொடங்குவது யாருக்கும் கடினமில்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செபிக்கும் மாலை வேறு, அணியும் மாலை வேறு. செபமாலை சுவாமி அறையில் ஒரு பைக்குள் இருக்கும். செபத்துக்கு மட்டும் வெளியே வரும். மற்றவர் கையில் கொடுப்பதில்லை. அணியும் மாலை உங்களோடு கோயிலுக்கும் சபைக்கும் வரும், வியர்வையில் நனையும், கழற்றப்படும், மீண்டும் போடப்படும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒரே மாலையால் செய்ய முயல்வதால் வருகிறது. கையில் பணம் ஒரு மாலைக்குத்தான் இருக்கிறதென்றால் செபமாலையையே வாங்குங்கள். கழுத்துக்கு ஒரு நூலில் கோத்த ஒற்றை மணி போதும்.

எந்த மணி?

சைவர்களுக்கு உருத்திராக்கம், வைணவர்களுக்குத் துளசி என்பது பொதுவான வழக்கு. அம்மன் வழிபாட்டில் ஸ்படிகத்தையும் சந்தன மணியையும் பயன்படுத்துவோர் உண்டு. எங்கள் மாவட்டங்களில் சிவன், முருகன், பிள்ளையார், கண்ணகி அம்மன் வழிபாடே மிகுதி என்பதால் உருத்திராக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன். சொல்லும் முறைகளில் பல மற்ற மாலைகளுக்கும் பொருந்தும்.

உருத்திராக்கம் ஒரு மரத்தின் பழக்கொட்டை. பழம் நீல நிறமானது. சதையை நீக்கினால் உள்ளே இருப்பதுதான் நாம் அணியும் மணி. நேபாளத்திலும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இது மிகுதியாக விளைகிறது. நேபாள மணி பெரியது, மேடுபள்ளம் ஆழமானது; ஜாவா மணி சிறியது, வழவழப்பானது. சிங்களத்தில் வெரளு என்று சொல்லி அச்சாறு போடுகிறார்களே, அந்தக் காயின் மரமும் உருத்திராக்க மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கையில் வைத்து உருட்டுவதற்குச் சிறிய மணியே வசதி.

மணியின் ஒரு துளையிலிருந்து மறு துளை வரை ஓடும் கோடுகளை எண்ணினால் எத்தனை முகம் என்று தெரியும். இயற்கையில் மிக அதிகமாகக் கிடைப்பது ஐந்து முகம். விலை குறைவு என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். நமசிவாய எனும் திருவைந்தெழுத்தைச் செபிக்கிறவருக்கு ஐந்துமுக மணியைவிடப் பொருத்தமான மணி எது? ஒரு முகம், பதினான்கு முகம் என்று தேடி அலைவதும், இன்ன இராசிக்கு இன்ன முகம் என்று அட்டவணை பார்த்து வாங்குவதும் வியாபாரியின் பாதையே தவிர வழிபாட்டின் பாதை அல்ல.

வாங்கும்போது

ஒரு மணியை எடுத்து இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உண்மையான மணியில் ஐந்து கோடுகளும் சம இடைவெளியில் இருப்பது அரிது. ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் ஓடும். மேடுகள் முள்முள்ளாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். மாலையில் பக்கத்துப் பக்கத்து மணிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு மணிகளில் ஒரே இடத்தில் ஒரே முள் இருந்தால் அவை அச்சில் வார்த்தவை. கோடு துளை வரை போய்ச் சேராமல் நடுவில் நின்றாலோ, கோட்டின் பள்ளம் மட்டும் புதிதாகச் செதுக்கியதுபோல் வெளுத்திருந்தாலோ, முகம் கூட்டுவதற்காகக் கீறியிருக்கிறார்கள்.

தண்ணீரில் போட்டால் நல்ல மணி மூழ்கும், போலி மிதக்கும் என்று கடைக்காரர் ஒரு கிண்ணத்தோடு செய்து காட்டுவார். அதை நம்பி வாங்காதீர்கள். நன்றாகக் காய்ந்த உண்மையான மணியும் மிதக்கும். பாரமான பொருளில் வார்த்த போலியும் மூழ்கும். இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவில் மணி தானாகச் சுழலும் என்பதும் அப்படித்தான்: மேடுபள்ளமான எந்தப் பொருளையும் அழுத்தினால் அது வழுக்கித் திரும்பும். ஒட்டுப் போட்ட மணியைக் கண்டுபிடிக்க மட்டும் சுடுநீர் உதவும், ஒட்டு இளகிவிடும். குறிப்பாக, இரண்டு மணிகள் இயல்பாகவே ஒட்டிப் பிறந்த கௌரிசங்கரம் என்று சொல்லி விற்பவற்றில் ஒட்டுவேலை அதிகம். உருண்டையான ஒருமுக மணி என்று திருவிழாக் கடையில் நீட்டப்படுவதைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் செபமாலை என்று மட்டும் கேட்டால் கத்தோலிக்கரின் செபமாலையை எடுத்துத் தரக்கூடும். உருத்திராக்க மாலை, எண்ணுவதற்கு, என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் குறையும், நீரிழிவு போகும் என்று விற்பவர் சொல்வாரானால் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவே வேண்டாம். மாலை போட்டதற்காக மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

எத்தனை மணி?

பலர் 108 மணி மாலையைத்தான் அறிவார்கள். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதங்கள் என்று கணக்கிட்டால் 108 வரும். 54 அதில் பாதி, 27 அதில் கால். ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில் இல்லறத்தாருக்கு 27 மணியும் துறவிக்கு 25 மணியும் என்று சொல்லி, இல்லறத்தார் 108, 54 மணிகளாலும் செய்துகொள்ளலாம் என்கிறார். ஆகவே 27 மணி மாலை ஏதோ குறைந்தது அல்ல. புதியவர்களுக்கு நான் சொல்வதும் அதுவே. கைக்குள் அடங்கும், சிக்காது, நான்கு சுற்றில் 108 ஆகிவிடும்.

108 மணியே வேண்டும் என்றால் மணியின் அளவைப் பாருங்கள். 6 மில்லிமீற்றர் மணி என்றால் மணிகளின் நீளம் மட்டும் 65 சென்ரிமீற்றர்; 8 மில்லிமீற்றர் என்றால் 86 சென்ரிமீற்றர்; முடிச்சுகள் இதற்கு மேல். 10 மில்லிமீற்றருக்கு மேல் போனால் உட்கார்ந்திருக்கும்போது மாலை மடியில் குவிந்து தரையைத் தொடும்.

கோர்வையில் மூன்றைக் கவனியுங்கள். மணிகள் எல்லாம் ஒரே எண்ணிக்கை முகமுள்ளவையாக இருக்க வேண்டும். மணிக்கும் மணிக்கும் இடையில் முடிச்சு வேண்டும். முடிச்சு இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழுப்பாது, நூல் அறுந்தாலும் மணிகள் சிதறி ஓடாது. நூலின் இரு நுனிகளும் சேருமிடத்தில் நாயக மணி இருக்க வேண்டும். மேரு என்பதும் அதுதான். அது எண்ணிக்கையில் சேராது. நூல் பருத்தியோ பட்டோ நல்லது. நைலோன் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் துளையின் விளிம்பை அராவும். கம்பியில் கோத்த மாலை கழுத்துக்கு ஆகலாம். விரலில் உருட்ட ஆகாது.

முதல் நாள்

புது மாலையில் தூசியும் கடைக்காரர் பூசிய சாயமும் இருக்கலாம். இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வைத்து மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டு, நிழலில் முழுதாகக் காய வையுங்கள். நீர் கடுஞ்சிவப்பாக மாறினால் மணிக்குச் சாயம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், தெளியும்வரை கழுவுங்கள். காய்ந்ததும் விரல்நுனியில் சிறிது நல்லெண்ணெய் தொட்டு ஒவ்வொரு மணியாகத் தடவுங்கள்.

பிறகு மாலையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சுவாமியின் திருவடியில் வைத்துத் தரும்படி குருக்களிடம் கேளுங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரராக இருக்கலாம், திருக்கோவில் சித்திர வேலாயுதராக இருக்கலாம், உங்கள் ஒழுங்கையில் உள்ள பிள்ளையாராக இருக்கலாம். அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் எந்தக் குருக்களும் மறுக்க மாட்டார். சிலர் பால், இளநீர், பன்னீர் என்று வீட்டிலேயே அபிடேகம் செய்கிறார்கள். செய்வதென்றால் உடனே சுத்த நீரில் கழுவிக் காய வைத்துவிடுங்கள். துளைக்குள் தங்கிய பால்தான் புழுவையும் பூஞ்சணத்தையும் கொண்டுவரும்.

உருட்டும் முறை

குளித்து, திருநீறு பூசி, கிழக்கு அல்லது வடக்கு நோக்கி உட்காருங்கள். வெறுந்தரை வேண்டாம். எங்கள் பக்கத்தில் பன்பாய்க்குக் குறைவில்லை. ஒரு சிறிய தடுக்குப் போதும். முழங்கால் நோ உள்ளவர்கள் கதிரையில் இருந்து செபிப்பதில் தவறில்லை. காலையும் மாலையும் சந்தி நேரங்கள் சிறந்தவை.

மாலையை வலக்கையில் எடுத்து நடுவிரலின் மேல் தொங்க விடுங்கள். மோதிரவிரல் நடுவிரலோடு சேர்ந்து தாங்கலாம். சுட்டுவிரல் விலகி நிற்க வேண்டும். அது மாலையைத் தொடுவதில்லை. பெருவிரலை நாயக மணிக்கு அடுத்த மணியில் வையுங்கள். மந்திரத்தை ஒருமுறை சொல்லி முடித்ததும் பெருவிரலால் அந்த மணியை உங்கள் பக்கம் இழுங்கள். அடுத்த மணி தானாக விரல்மேல் வந்து உட்காரும். சொல்லி முடித்த பிறகு மணி. மணியைத் தள்ளிக்கொண்டே சொல்வது கூடாது. இந்த ஒழுங்கு பிடிபடாவிட்டால் விரல் முன்னே ஓடும், வாய் பின்னே ஓடும், மனம் சந்தைக்குப் போய்விடும்.

கை நெஞ்சளவில் இருக்கட்டும், மாலை தொப்புளுக்குக் கீழே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையை ஒரு துண்டால் மூடிக்கொண்டு செபிப்பது மரபு. பசுவின் முகம்போல் தைத்த கோமுகி என்ற பைக்குள் கையை விட்டுச் செபிப்போரும் உண்டு. மற்றவர் கண்ணில் படாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, எத்தனை மணி மீதம் என்று நம்முடைய கண்ணே எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கும் அது உதவுகிறது.

ஒரு சுற்று முடிந்து நாயக மணி விரலில் தட்டுப்படும்போது அதைத் தாண்டக் கூடாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மறுகையின் உதவி இல்லாமலே திருப்பலாம்: கடைசியாக உருட்டிய மணியைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைச் சற்று உள்நோக்கி மடித்தால் மாலை விரலில் புரண்டு மறுபக்கம் விழும். கடைசி மணி இப்போது முதல் மணி. வந்த வழியே திரும்பிப் போகிறீர்கள். முதலில் செபம் இல்லாமல் வெறுமனே இதை மட்டும் சில தடவை பழகிப் பாருங்கள்.

ஒரு மணிக்கு மூன்று விநாடி என்று நிதானமாகச் சொன்னால் 108 முறை முடிய ஐந்தரை நிமிடம் ஆகும். அதற்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம். ஆயிரத்தெட்டு என்று ஆவேசமாகத் தொடங்கி ஒரு கிழமையில் கைவிடுவதைவிட, தவறாமல் ஒரு சுற்று எவ்வளவோ மேல். 108 உருட்டினாலும் 100 என்றே கணக்கு வைக்கிற பழக்கமும் உண்டு. கவனம் சிதறிச் சொன்னவற்றுக்கு அந்த எட்டு ஈடு.

காதுக்குக் கேட்கச் சொல்வது வாசகம், உதடு மட்டும் அசையச் சொல்வது உபாஞ்சு, மனத்துக்குள் சொல்வது மானதம். மானதமே மேலானது என்று நூல்கள் சொல்லும். ஆனாலும் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் மணியைத் தள்ளிக்கொண்டிருப்பது மிக எளிதில் நடந்துவிடும்.

எதைச் சொல்வது?

திருவைந்தெழுத்தைக் குருவிடம் தீட்சை பெற்று ஓதுவதே சைவ மரபு. சமயதீட்சை கொடுக்கும் ஒழுங்கு உங்கள் ஊர்க் கோயிலில் எப்போது நடக்கும் என்று குருக்களிடமே விசாரியுங்கள். அதுவரை மாலையைத் தொடாமல் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். இறைவனின் பெயரைச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டாம். சிவசிவ என்றோ, முருகா என்றோ, அம்மா தாயே என்றோ சொல்லி உருட்டலாம். எது உங்கள் வாயில் சிறுவயதிலிருந்தே பழகியதோ அதை எடுங்கள். எடுத்ததை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள்.

அணிவது

கழுத்துக்கு 32 மணி, மார்பில் தொங்குவதற்கு 108 என்று நூல்களில் எண்ணிக்கை உண்டு. தலை, காது, தோள், கை ஆகிய இடங்களுக்கும் தனித்தனி எண்ணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் தீட்சை பெற்றுச் சிவபூசை செய்கிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு ஒற்றை மணியோ ஒரு கழுத்து மாலையோ போதுமானது.

இனி, எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. உருத்திராக்கம் அணிகிறவர் மதுவும் மச்ச மாமிசமும் விலக்கியவராக இருக்க வேண்டும் என்பது நூல் சொல்லும் விதி. வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊர்களில் மீன் இல்லாத வீடு குறைவு. இந்த விதியைப் பொருட்படுத்தாமல் மாலையை நகைபோல மாட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போவது எனக்கு உடன்பாடில்லை. விதிக்குப் பயந்து வாழ்நாள் முழுவதும் மாலையே எடுக்காமல் இருப்பதும் சரியில்லை. நடுவில் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பிரதோசம், கந்தசஷ்டி, சிவராத்திரி, கௌரி விரதம், உங்கள் கோயிலின் திருவிழா அல்லது சடங்குக் காலம் என, வீட்டில் மரக்கறி மட்டும் சமைக்கும் நாட்கள் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. அந்த நாட்களில் காலையில் குளித்து அணிந்து, இரவு கழற்றி வையுங்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் விரதம் முடியும்வரை எப்படி ஒழுக்கமாக இருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிறோம். அதே ஒழுக்கத்தைச் சின்ன அளவில் கைக்கொண்டால் போதும். நாளடைவில் மரக்கறி நாட்கள் தாமாகவே கூடுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

உறங்கும்போதும் மலசலகூடத்துக்குப் போகும்போதும் கழற்றிவிடுவது முறை. பிறப்பு, இறப்புத் துடக்கு உள்ள வீட்டார் துடக்குக் கழியும்வரை அணிவதில்லை. மரணவீட்டுக்குப் போகிறவர்கள் மாலையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெண்கள் தாராளமாகச் செபிக்கலாம், அணியலாம். என் அம்மம்மா தம் 54 மணி மாலையில் செபிக்காமல் காலைத் தேநீர் குடித்ததே இல்லை. விலக்கு நாட்களில் மாலையைத் தொடாமல் விடுவது பெரும்பாலான வீடுகளின் வழக்கம்; அந்த நாட்களில் மாலை இல்லாமல் பெயரை மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். நெல் ஆலையிலோ, தையல் தொழிற்சாலையிலோ, உழவு இயந்திரத்திலோ வேலை செய்கிறவர்கள் கழுத்து மாலையோடு இயந்திரத்தை நெருங்கவே கூடாது. கைக்குழந்தைகளின் கழுத்தில் மணி கட்டிவிட்டுத் தூங்க வைப்பதும் ஆபத்து: நூல் இறுகும், மணி வாய்க்குள் போகும். பாடசாலைப் பிள்ளைகள் அணிவதென்றால் சேர்ட்டுக்குள் மறையும் ஒற்றை மணி நல்லது.

கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு

திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று நடந்து காட்டுக்குள் இறங்குகிறவர்கள் விலையுயர்ந்த மாலையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். வழியில் நடந்துகொண்டே சொல்வதற்கு 27 மணி மாலை ஒன்றை எடுங்கள். நடையோடு உருட்டும்போது முதலில் சொன்ன துண்டும் திசையும் தேவையில்லை. கும்புக்கன் ஆற்றிலும் மாணிக்க கங்கையிலும் மாலையோடு குளிக்கலாம், சவர்க்காரம் மட்டும் படக் கூடாது. ஈர மாலையைப் பைக்குள் அடைக்காமல் கையிலேயே காயவிட்டு நடங்கள்.

பராமரிப்பு

எங்கள் காலநிலை மணிக்கு இரண்டு விதமான சோதனை வைக்கிறது. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது மணி வறண்டு வெடிக்கும். அந்த மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை மிகக் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவுங்கள். வாடைக்கால மழை தொடங்கியதும் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெயும் சேர்ந்தால் பள்ளங்களில் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது மாலையை லாச்சிக்குள் பூட்டி வைக்காமல் பருத்திப் பையில் போட்டு, காற்றுப் படும் இடத்தில் தொங்க விடுங்கள். வெள்ளையாகப் படிந்துவிட்டால் உலர்ந்த தூரிகையால் துடைத்து, திண்ணையில் நிழலில் காய வையுங்கள். கடலில் குளித்த மாலையை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்பு நூலைத் தின்றுவிடும்.

செபித்துச் செபித்து மணி கறுத்து மினுங்கத் தொடங்கும். அது அழுக்கு அல்ல, தேய்த்து நீக்க முயல வேண்டாம். நூல் மட்டும் நாயக மணிக்குப் பக்கத்தில்தான் முதலில் நையும். அங்கே இழை பிரிவதைக் கண்டதும், அறும்வரை காத்திராமல் புதிதாகக் கோத்துவிடுங்கள். கோக்கும்போது பழைய ஒழுங்கிலேயே மணிகள் வருமாறு ஒரு தட்டில் வரிசையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடுகளை எண்ணிச் சொல்லும் முகம் வேறு; மணியில் காம்பு ஒட்டியிருந்த பக்கத்துக்கும் முகம் என்றே பெயர், மறுபக்கம் புச்சம். முகத்தோடு முகமும் புச்சத்தோடு புச்சமும் பொருந்த வேண்டும். அதே அளவில் இரண்டு மூன்று மணிகளை முதலிலேயே கூடுதலாக வாங்கி வைத்திருந்தால், வெடித்த மணிக்குப் பதில் தேட வேண்டியிராது.

வெடித்ததும் புழு அரித்ததும் செபத்துக்கு ஆகா. அவற்றைக் குப்பையில் போடாமல் ஆற்றிலோ கடலிலோ விடுவது வழக்கம். நைலோன் நூலையும் உலோக வளையத்தையும் கழற்றி எடுத்துவிட்டு மணியை மட்டும் விடுங்கள்.